போட்டோவுக்கும் மூட்டைச்சீட்டு வேண்டும்

நமது கடைகளிலும் கிட்டங்கிகளிலும் இன்று போட்டோ எடுக்காத நாளே கிடையாது. லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போது ஒரு போட்டோ, நனைந்த மூட்டை இருந்தால் அதற்கு நாலு போட்டோ, எடைமேடைச் சீட்டுக்கு ஒன்று, லாரி ரசீதுக்கு ஒன்று, சாம்பிள் தட்டில் கொட்டிய பருப்புக்கு ஒன்று, கொள்முதல் பில்லுக்கு ஒன்று. செல்போன் கையிலேயே இருக்கிறது. பிலிம் செலவு, கழுவும் செலவு என்று எதுவும் இல்லை. ஆகவே எடுத்துத் தள்ளுகிறோம். ஒரு நடுத்தர மளிகை மொத்த வியாபாரியிடம் வருடத்துக்குச் சில ஆயிரம் போட்டோக்கள் சேர்ந்துவிடுகின்றன.

எடுப்பது சுலபம், ஐந்து மாதம் கழித்து அதில் ஒன்றைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. ஆனால் வியாபாரத்தில் போட்டோவின் அவசியம் பெரும்பாலும் ஐந்து மாதம் கழித்துத்தான் வருகிறது. லாரியில் வந்த சரக்கு நனைந்து போனாலோ குறைந்து போனாலோ, 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, சரக்கு புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாட்களுக்குள் போக்குவரத்துக்காரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிறகு வழக்குப் போட வழியில்லை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நாம் இழுத்துக்கொண்டே போவோம். நூற்று எழுபதாவது நாளில் வக்கீலிடம் போனால், அவர் கேட்கும் முதல் கேள்வி "போட்டோ இருக்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும். இருக்கிறது. எங்கே இருக்கிறது? பேரனின் பிறந்தநாள், கோயில் கொடை, வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கம் ஆகியவற்றுக்கு நடுவே எங்கோ இருக்கிறது.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவும் கணக்கு வழக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. எடைமேடைச் சீட்டு, சில இடங்களில் பில் கூட, சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான தாளில் வருகின்றன. வெயிலும் வியர்வையும் பட்டால் எழுத்து வெளுத்து வெள்ளைத்தாள் ஆகிவிடும். அசலுக்குப் பதில் போட்டோ ஆகாது என்பது வேறு விஷயம். அசல் வெளுத்த பிறகு அதில் என்ன எழுதியிருந்தது என்று நமக்கே தெரிவதற்குப் போட்டோதான் துணை.

எனவே போட்டோவின் மேல் "இது என்ன, யாருடையது, எந்த லாட்" என்று எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் இதற்குப் பல சாப்ட்வேர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் குறிச்சொல் போடலாம். டேக் என்று சொல்கிறார்கள். எந்த சாப்ட்வேர் நல்லது என்று கேட்பவர்கள் பலர். நாம் எழுதும் குறிச்சொல் எங்கே போய் உட்காருகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பின்னதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தக் கட்டுரை முழுவதும் அதைப் பற்றியதே.

பேரேடா, சீட்டா?

கிட்டங்கியில் ஐந்நூறு மூட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எது யாருடைய சரக்கு என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் மார்க்காவும் லாட் நம்பரும் எழுதிய சீட்டைத் தைத்துவிடுவது. மூட்டை எங்கே போனாலும் சீட்டும் கூடவே போகும். இரண்டாவது வழி, மூட்டையில் எதுவும் எழுதாமல் பேரேட்டில் மட்டும் "மூன்றாவது வரிசை, இடப்புறம், பன்னிரண்டாவது மூட்டை இன்னாருடையது" என்று குறித்து வைப்பது. பேரேட்டைப் புரட்டினால் விரைவில் தெரிந்துவிடும். மூட்டை மூட்டையாகப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் யாராவது மூட்டையை இடம் மாற்றி அடுக்கிவிட்டாலோ, பேரேடு தொலைந்துவிட்டாலோ, ஐந்நூறு மூட்டையும் அநாதை.

போட்டோ சாப்ட்வேர்களும் இப்படியே இரண்டு வகைப்படும். சில, நாம் எழுதும் குறிச்சொல்லைப் போட்டோக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். வேறு சில, தமக்கென்று ஒரு பேரேடு வைத்துக்கொண்டு அதில் மட்டும் எழுதும். அதை டேட்டாபேஸ் என்றும் கேட்டலாக் என்றும் சொல்வார்கள். திரையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நனைந்த மூட்டையின் படத்துக்குக் கீழே "நனைவு" என்று அழகாகத் தெரியும். வித்தியாசம், கம்ப்யூட்டரை மாற்றும் நாளில்தான் தெரியவரும்.

எனக்குத் தெரிந்த வெல்ல வியாபாரி ஒருவர் நாலு வருடம் பொறுமையாக உட்கார்ந்து ஒவ்வொரு போட்டோவுக்கும் பார்ட்டி பெயர், ஊர், தேதி எல்லாம் போட்டு வந்தார். போட்டோக்களை வாரம் தவறாமல் வெளி ஹார்டு டிஸ்கில் நகலும் எடுத்து வந்தார். அந்த மட்டும் நம்மில் பாதிப் பேரை விட அவர் கெட்டிக்காரர். கம்ப்யூட்டர் பழுதாகி, புதிதாக எல்லாம் ஏற்றிக் கொடுத்தபோது போட்டோ ஒன்று கூடக் குறையவில்லை. குறிச்சொல் ஒன்று கூட வரவில்லை. அவர் பயன்படுத்திய சாப்ட்வேர் எல்லாவற்றையும் தன் பேரேட்டில் வைத்திருந்தது. அந்தப் பேரேடோ சி டிரைவின் ஏதோ ஒரு மூலையில் இருந்து பழைய டிஸ்கோடு போய்விட்டது. சாப்ட்வேரோடு வந்த விளக்கத்தில் இது எழுதியிருக்கத்தான் செய்ததாம், எழுபதாம் பக்கத்துக்குப் பிறகு. யார் படிப்பது?

பேரேடு முறையே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. இருபதாயிரம் போட்டோவில் "துவரை" என்று தேடினால், ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துத் தேடுவதை விடப் பேரேட்டில் தேடுவதுதான் வேகம். ஆகவே நல்ல சாப்ட்வேர் இரண்டையும் செய்யும். சீட்டையும் தைக்கும், பேரேட்டிலும் வரவு வைக்கும். பேரேடு போனாலும் சீட்டுகளைப் படித்துப் புதுப் பேரேடு எழுதிக்கொள்ளலாம். சீட்டே இல்லாவிட்டால் அந்த வழியும் இல்லை.

போட்டோவுக்குள் ஏற்கெனவே இருப்பது

நாம் எதுவும் எழுதாமலேயே கேமரா சில விவரங்களைக் கோப்புக்குள் எழுதிவிடுகிறது. எடுத்த தேதி, மணி, நிமிடம், செல்போனின் மாடல், இருப்பிடம் காட்டும் வசதியைத் திறந்து வைத்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவை அதில் அடக்கம். இதற்கு எக்சிஃப் என்று பெயர். 1995-ஆம் ஆண்டு ஜப்பானின் எலக்ட்ரானிக் தொழில் மேம்பாட்டுச் சங்கம் வகுத்த முறை இது. கேமராக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள். ஆனாலும் சங்கமாகக் கூடி ஒரே முறையை ஒப்புக்கொண்டதால்தான் இன்று எந்த போனில் எடுத்த படத்தின் தேதியையும் எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கிறது. சங்கத்தால் என்ன பிரயோஜனம் என்று சந்தா கேட்கப் போகும்போது சொல்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

இந்தத் தேதி நமக்குப் பெரிய ஆதாரம். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. போனில் தேதி, நேரம் தானாகச் சரிசெய்துகொள்ளும்படி வைத்திருக்க வேண்டும். கிட்டங்கியில் கிடக்கும் பழைய போனில் வருடமே தவறாக ஓடிக்கொண்டிருந்தால், படத்திலும் அந்தத் தவறான வருடமே ஏறும்.

மற்றது, வாட்ஸ்அப். கிட்டங்கியில் இருக்கும் பையன் படம் எடுத்து நமக்கு வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறான். அவ்வாறு அனுப்பும்போது படத்தின் அளவு குறைக்கப்படுகிறது; எடுத்த தேதி, இடம் முதலிய எக்சிஃப் விவரங்களும் நீக்கப்பட்டுவிடுகின்றன. ஆண்ட்ராய்டு போனில் அந்தப் படத்தின் கோப்புப் பெயரில் ஒரு தேதி இருக்கும். அது வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த தேதி. எடுத்த தேதி அல்ல. 3-ஆம் தேதி எடுத்த படத்தை 9-ஆம் தேதி அனுப்பினால் பெயரில் 9 என்றுதான் இருக்கும். இது பார்ட்டியிடம் பேசும்போது வம்பாகும். இதற்குப் பரிகாரம் சுலபம். படத்தை போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்ற வழியாக அனுப்பச் சொல்ல வேண்டும். அப்போது கோப்பு எடுத்தபடியே முழு அளவில், உள் விவரங்களோடு வந்து சேரும். பையனுக்கு ஒரு முறை காட்டிக் கொடுத்தால் போதும். நம்மை விட அவன் சீக்கிரம் கற்றுக்கொள்வான்.

இடவிவரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டையைப் பிரித்தது நம் கிட்டங்கியில்தான் என்று காட்ட அது உதவும். வீட்டில் எடுத்த படங்களில் அது வீட்டு முகவரிக்குச் சமம். அவற்றை வெளியாருக்கு டாக்குமெண்டாக அனுப்பும் முன் யோசிக்க வேண்டும்.

நாம் எழுதுவது எங்கே போகிறது?

பெயர், தலைப்பு, விளக்கம், குறிச்சொல் ஆகியவற்றைப் படத்துக்குள் எழுதும் முறையை முதலில் உருவாக்கியவர்கள் பத்திரிகைக்காரர்கள். செய்தி நிறுவனங்கள் கூடி 1965-ஆம் ஆண்டு அமைத்த சர்வதேசக் குழு ஒன்று உண்டு, சுருக்கமாக ஐ.பி.டி.சி. என்பார்கள். படம் எந்த ஊர், படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார் என்ற விவரம் படத்தை விட்டுப் பிரிந்துவிட்டால் பத்திரிகை ஆபீசில் அந்தப் படத்துக்கு மதிப்பே இல்லை. ஆகவே 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் வகுத்த முறையில் இந்த விவரங்களுக்குத் தனித்தனிக் கட்டங்கள் ஏற்பட்டன. பிறகு 2001-ஆம் ஆண்டு அடோபி நிறுவனம் எக்ஸ்.எம்.பி. என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. 2012-இல் அது சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது.

நமக்கு இந்தப் பெயர்கள் எதற்கு என்றால், தமிழுக்காக. பழைய ஐ.பி.டி.சி. முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் யுனிகோடு முறைப்படி ஒவ்வொரு எழுத்துக்கும், அதன் மேல் வரும் புள்ளி, கொம்பு, காலுக்கும் தனித்தனியே மூன்று பைட் ஆகிறது. "துவரம்பருப்பு" என்ற ஒரு சொல்லுக்கு 39 பைட். "நாட்டு உருட்டு உளுந்தம் பருப்பு" என்று எழுதினால் 87 பைட், 64-ஐத் தாண்டிவிட்டது. பழைய முறையில் மட்டும் எழுதும் சாப்ட்வேரில் வால் அறுந்துவிடும். எக்ஸ்.எம்.பி. முறையில் இந்தத் தொல்லை இல்லை. அது யுனிகோடையே அடிப்படையாகக் கொண்டது. எனவே சாப்ட்வேர் வாங்கும்போதோ இறக்கும்போதோ "எக்ஸ்.எம்.பி.யைக் கோப்புக்குள் எழுதுமா?" என்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் பலர் பயந்து கேட்கிறார்கள். படத்துக்குள் எழுதினால் படம் மங்குமா? மங்காது. எழுத்துக்கு என்று கோப்பில் தனிப்பகுதி இருக்கிறது. படத்தின் பகுதியை அது தொடுவதில்லை. மூட்டைவாயில் சீட்டுத் தைத்தால் உள்ளே இருக்கும் பருப்பு குறையாது அல்லவா, அது போல.

சில சாப்ட்வேர்கள் மூன்றாவதாக ஒரு வழியும் வைத்திருக்கின்றன. படத்தின் பெயரிலேயே பக்கத்தில் ஒரு சிறிய எக்ஸ்.எம்.பி. கோப்பை உண்டாக்கி அதில் எழுதும். மூட்டையில் தைக்காமல் மேலே வைத்த சீட்டு என்று சொல்லலாம். ஸ்டூடியோக்காரர்கள் ரா என்னும் மூலப் படங்களுக்கு இப்படித்தான் செய்கிறார்கள். மளிகைக் கடைக்கு இது ஒத்துவராது. கம்ப்யூட்டர் பையன் படத்தை மட்டும் நகல் எடுத்துப் போய்விடுவான். சீட்டு அங்கேயே கிடக்கும்.

சில சாப்ட்வேர்களின் கதை

பிகாசாவை நம்மில் பலர் பயன்படுத்தியிருப்போம். கூகுள் நிறுவனம் 2004-இல் வாங்கி இலவசமாகக் கொடுத்த சாப்ட்வேர். 2016 மார்ச்சில் அதன் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது நிறைய உண்டு. பிகாசாவில் ஜேபெக் படத்துக்குக் கீழே எழுதிய விளக்கமும் குறிச்சொல்லும் படத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்தன. எனவே 2010-இல் எழுதியவை இன்றும் வேறு சாப்ட்வேரில் தெரிகின்றன. ஆனால் நட்சத்திரம் போட்டதெல்லாம் கோப்புறையில் இருந்த ஒரு சிறு கோப்பில் இருந்தது. ஆல்பமாகப் பிரித்தது அதன் சொந்தப் பேரேட்டில் இருந்தது. ஒரே சாப்ட்வேருக்குள்ளேயே ஒரு விவரம் சீட்டிலும் மற்றொரு விவரம் பேரேட்டிலுமாக இருந்திருக்கிறது. விளக்கம் எழுதியவன் பிழைத்தான். ஆல்பம் பிரித்தவனுக்கு மறுபடியும் வேலை. அவ்வாறே விண்டோஸ் போட்டோ கேலரியும் 2017 ஜனவரியோடு நின்றது. இலவச சாப்ட்வேர் மட்டும்தான் நிற்கும் என்பதும் இல்லை. ஆப்பிளின் அப்பெர்ச்சர் விலைக்கு விற்ற சாப்ட்வேர். 2015-இல் விற்பனையை நிறுத்தினார்கள். நமது பில்கள் 72 மாதம் இருக்க வேண்டும். சாப்ட்வேருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கூகுள் போட்டோஸ் 2015-இல் வந்தது. தேடும் வசதியில் அதற்கு நிகர் குறைவு. மூட்டை என்றால் மூட்டையைக் காட்டும். ஆனால் அது எந்த லாட் மூட்டை என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் எழுத வேண்டும். அங்கே படத்துக்குக் கீழே எழுதும் விளக்கம் அவர்கள் பேரேட்டில் இருக்கிறது. படத்தை இறக்கினால் படத்துக்குள் வராது. டேக்அவுட் என்ற வழியில் மொத்தமாகக் கேட்டு வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் என்ற தனிக்கோப்பில் அந்த விவரம் வரும். அதைப் படத்துக்குள் ஏற்றுவது தனி வேலை. 2003 முதல் பில் ஹார்வி என்பவர் இலவசமாகக் கொடுத்துவரும் எக்சிஃப்டூல் என்ற சாப்ட்வேரால் அது முடியும். ஆனால் கட்டளை எழுதத் தெரிந்த பையன் வேண்டும்.

லைட்ரூம் ஸ்டூடியோக்காரர்களுக்கானது, மாதக் கட்டணம் உண்டு. கேட்டலாக்கில்தான் முதலில் எழுதும். கன்ட்ரோல் பித்தானோடு எஸ் எழுத்தை அழுத்தினால் கோப்பிலும் எழுதும். தானாகவே எழுதும்படியும் அமைத்துக்கொள்ளலாம். நமக்கு அவ்வளவு தேவை இல்லை.

நம் தேவைக்கு விண்டோஸ் கம்ப்யூட்டரில் இருப்பதே பெரும்பாலும் போதும். படத்தின் மேல் மவுஸின் வலது பித்தானை அழுத்தி, பிராப்பர்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் என்று போனால் டைட்டில், டேக்ஸ், கமெண்ட்ஸ் என்று வரிகள் இருக்கும். டேக்ஸ் வரியில் தமிழிலேயே எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களுக்கு நடுவே அரைப்புள்ளி இட வேண்டும். ஒரே லாரியின் முப்பது படங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் எழுதலாம். எழுதியது ஜேபெக் கோப்புக்குள்ளேயே போகும். செலவு இல்லை, புதிதாக எதுவும் இறக்க வேண்டியதில்லை. ஒரு குறை, பி.என்.ஜி. வகைப் படங்களில் இந்த வரிகளில் எழுத முடியாது. பணம் அனுப்பியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள் பல போன்களில் பி.என்.ஜி.யாகத்தான் வருகின்றன. அவற்றை ஜேபெக்காக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. ஐபோன்காரர்கள் கேமரா அமைப்பில் பார்மேட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கம்பாடிபிள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் ஜேபெக்காகவே பதியும்.

ஆயிரக்கணக்கில் போய்விட்டால் டிஜிகேம் என்ற இலவச சாப்ட்வேரைப் பார்க்கலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இது பேரேடும் வைக்கும், சீட்டும் தைக்கும். ஆனால் சீட்டுத் தைக்கும்படி நாம் சொல்ல வேண்டும். முதல் முறை திறக்கும்போது விவரங்களைக் கோப்புகளில் சேர்க்கவா என்று கேட்கும். சேர்க்கச் சொல்ல வேண்டும். அவசரத்தில் அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போய்விட்டவர்கள் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா என்ற பகுதியில் பிறகும் மாற்றலாம். மாற்றிவிட்டு, ஆல்பம் மெனுவில் உள்ள எழுதும் கட்டளையைக் கொடுத்தால் அதுவரை பேரேட்டில் மட்டும் இருந்ததையும் கோப்புகளில் எழுதிவிடும்.

அசல் வேறு, வேலை நகல் வேறு

கோப்புக்குள் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆவது பிரிவின்படி, எலக்ட்ரானிக் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் கொடுக்க வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் என்ற எண்ணைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்புக்குள் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை வேறாகிவிடும். நாம் "நனைவு" என்று ஒரு குறிச்சொல் எழுதினாலும் மாறிவிடும். படம் அதே படம்தான். ஆனால் "எடுத்த பிறகு இந்தக் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்ல இடம் கொடுத்தது போல் ஆகும்.

எனவே சேதம், எடைக் குறைவு, தகராறு சம்பந்தப்பட்ட படங்களை மட்டும் "அசல்" என்று ஒரு தனிக் கோப்புறையில் போனிலிருந்து வந்தபடியே வைத்து, அதில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நகலில் குறிச்சொல் எழுத வேண்டும். கோப்பின் பெயரை மட்டும் இரண்டிலும் ஒன்றாகவே விட்டு வைத்தால், நகலில் தேடி, அதே பெயரில் அசலை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த போனிலும் படத்தை அழிக்காமல் விட்டு வைப்பது உத்தமம். மற்றச் சாதாரணப் படங்களுக்கு இந்த இரட்டை வேலை வேண்டாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஒரு கோப்பு கெட வாய்ப்பு உண்டு. யு.பி.எஸ். இல்லாத கடைகளில் நகல் எடுத்து வைத்த பிறகே குறிச்சொல் வேலையைத் தொடங்க வேண்டும்.

என்ன சொல், எந்த எழுத்து

சாப்ட்வேர் சரியாக அமைந்தும் தேடினால் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துதான். ஒரு நாள் "துவரம்பருப்பு", மறுநாள் "துவரம் பருப்பு", கணக்குப்பிள்ளை லீவு போட்ட அன்று "து.பருப்பு", பையன் கை வைத்தால் ஆங்கில எழுத்தில் தூர் தால். மனிதருக்கு நான்கும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு நான்கும் நாலு சரக்கு. பேரேட்டில் ஒரே பார்ட்டிக்கு நாலு பக்கம் திறந்து வைத்தால் பாக்கி எப்படித் தெரியும்? ஆகவே சரக்கின் பெயர்களுக்கு ஒரு பட்டியல் எழுதி, கம்ப்யூட்டர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். அதில் உள்ளபடிதான் எழுத வேண்டும் என்பது விதி. பார்ட்டி பெயருக்கு, பில்லில் எப்படி இருக்கிறதோ அப்படி.

எழுத்து யுனிகோடாக இருக்க வேண்டும். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தால் நம் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும்; அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். யுனிகோடிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை ஒற்றைக் குறியாகவும் அடிக்கலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்தும் உண்டாக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது சில சாப்ட்வேர்களில் தேடும்போது இரண்டாகிவிடும். "கொத்தமல்லி" என்று தேடி, இருக்கும் படமே வராவிட்டால் இதுவும் காரணமாக இருக்கலாம். எல்லோரும் ஒரே கீபோர்டு முறையில் அடித்தால் இந்தச் சிக்கல் எழாது.

குறிச்சொல்லில் சரக்கு, பார்ட்டி, லாட் நம்பர், லாரி நம்பர், நிலைமை ஆகிய ஐந்தும் போதும். நிலைமைக்கு நனைவு, வண்டு, குறைவு, கிழிசல், சரி என்று ஐந்தாறு சொற்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். "பரவாயில்லை ரகம்" என்றெல்லாம் எழுதினால் யாரும் அதைத் தேடப் போவதில்லை. விவரமாகச் சொல்ல வேண்டியது இருந்தால் கமெண்ட்ஸ் வரியில் எழுதலாம்: "தார்ப்பாய் கிழிந்திருந்தது. மேல் வரிசை 14 மூட்டை நனைவு. டிரைவர் முன்னிலையில் பிரிக்கப்பட்டது" என்பது போல. எத்தனை மூட்டை, யார் முன்னிலையில் என்ற இரண்டும் படத்தில் தெரியாதவை. அவற்றை அவசியம் எழுத வேண்டும். தேதியை எழுத வேண்டியதில்லை, எக்சிஃப் பார்த்துக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த படமாக இருந்தால் மட்டும் எடுத்த தேதியைப் பையனிடம் கேட்டு எழுத வேண்டும்.

சில சாப்ட்வேர்களில் குறிச்சொற்களைக் கிளை கிளையாகப் பிரிக்கலாம்: சரக்கு, அதன்கீழ் பருப்பு, அதன்கீழ் துவரை. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கிளையைப் பிரிக்க ஒரு சாப்ட்வேர் சாய்கோடு போடுகிறது, இன்னொன்று நேர்கோடு போடுகிறது. மாறும்போது குழம்பும். தனிச்சொற்களே நமக்கு நல்லது.

நாள்வழி எழுதும் நேரத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டால் கால்மணி நேர வேலை. வாரம் ஒரு முறை என்று தள்ளினால் எந்த மூட்டை எந்த லாரி என்பது எடுத்தவனுக்கே மறந்துவிடும்.

எந்த சாப்ட்வேரையும் நம்பி இறங்கும் முன் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். பத்துப் படங்களுக்குத் தமிழில் குறிச்சொல் எழுதி, அந்தப் படங்களை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டு, பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் செருகி, பிராப்பர்டீஸில் டீடெய்ல்ஸைத் திறந்து பாருங்கள். எழுதியது அங்கே தமிழில் தெரிந்தால் சீட்டு தைக்கப்பட்டிருக்கிறது. வெறுமையாக இருந்தால் எல்லாம் பேரேட்டில் மட்டுமே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சாப்ட்வேரின் அமைப்பை மாற்ற வேண்டும், அல்லது சாப்ட்வேரையே மாற்ற வேண்டும். சாப்ட்வேர் புதிய பதிப்புக்கு மாறும்போதெல்லாம் இந்தப் பரீட்சையை மறுபடி செய்ய வேண்டும்.

இதுவரை சேர்ந்துள்ள பழைய படங்களை எல்லாம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினால் யாராலும் முடியாது. ஒரு வாரத்தில் சலித்து மொத்தத்தையும் விட்டுவிடுவோம். இந்த ஏப்ரல் 1 முதல் எடுத்தவற்றை முதலில் எழுதுங்கள். பழையவற்றில் பாக்கி நிற்கும் பார்ட்டிகள், லாரிக்காரரோடு பேச்சு முடியாதவை, இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் இருப்பவை ஆகியவற்றை மட்டும் தேடி எடுங்கள். அவற்றிலும் புக்கிங் ஆகி 180 நாள் நெருங்குபவை முதலில்.